நுரைக்கிற தண்ணீர்

தேத்தண்ணி ருசியாக இருந்தது. முதல் மிடறு தொண்டையால் இறங்கிய கையோடு எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் அது ருசியாக இருக்கக் கூடாது. நேற்றுத்தான் இரண்டு கான் நிறைய நல்ல தண்ணீர் யாழ்ப்பாணத்தில் காசு கொடுத்து வாங்கி, என் படகிலேயே ஏற்றிக்கொண்டு வந்து, துறையில் இருந்து தோளில் சுமந்து, குசினி மூலையில் வைத்துவிட்டு, "அக்கா, நாளைக்கு வாற ஆக்களுக்கு இதிலதான் தேத்தண்ணி" என்று சொன்னேன். அக்காவும் தலையை ஆட்டினாள். அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், டவுனுக்கு நண்டு கொண்டு போகிற நாட்களில் கடையில் குடித்திருக்கிறேன், சப்பென்று இருக்கும், நாக்கில் ஒன்றும் தங்காது, எத்தனை கரண்டி சீனி போட்டாலும் சீனி தனியே நிற்கும், தண்ணீர் தனியே நிற்கும். இது அப்படி இல்லை. இது உடம்பு முழுக்கப் போய்ச் சேர்கிறது. இது நான் பிறந்ததில் இருந்து குடிக்கிற தேத்தண்ணி, எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர், சவர்த் தண்ணீர், இந்தத் தீவுக்கு வெளியே ஒரு மனிதரும் வாயில் வைக்காத உப்புத் தண்ணீர். அதைத்தான் இப்போது எனக்கு முன்னால் மூன்று பேர் கையில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார்கள். பெண்வீட்டார். பெண்ணும் வந்திருக்கிறாள்.

இன்னும் ஒருவரும் வாய் வைக்கவில்லை. சூடு. அக்கா எப்போதும் கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுப்பாள், அந்தப் பழக்கம் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நேரம் தந்திருக்கிறது, ஆனால் அந்த நேரத்தை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, எழும்பிப் போய்க் கோப்பைகளைப் பறிக்கவா முடியும். தகப்பன்காரர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். சோழகக் காற்றுக் காலம், படகு வழி முழுக்கத் தூக்கிப் போட்டிருக்கும், துறையில் இறங்கும்போதே அவர் முகம் வெளிறி லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இளைப்பாறிய பஸ் கண்டக்டர், காலம் முழுக்க ஆடுகிற வண்டியில் பிடிக்காமல் நின்றவர், அவருக்கே கடல் சரிவரவில்லை. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஐயா என்றால் தூரமாக இருக்கிறது, மாமா என்றால் அவசரப்படுகிற மாதிரி இருக்கிறது, அதனால் காலையில் இருந்து ஒன்றும் சொல்லாமல், "இதால வாங்கோ", "பாத்து வாங்கோ" என்று காற்றோடு பேசிக்கொண்டு வருகிறேன். பக்கத்துக் கதிரையில் பெண்ணின் தாய்மாமன் அந்தோனிப்பிள்ளை. டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கிறார், இந்தச் சம்பந்தத்தில் சொல் அவருடையதுதான். வாசலில் அக்கா வாளியும் சவுக்காரமும் வைத்துக் கைகால் கழுவச் சொன்னபோது முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்து, "தம்பி, நல்லா நுரைக்குது" என்றார், எனக்கு ஏதோ சவுக்காரத்தை நானே காய்ச்சியது மாதிரிப் பெருமையாக இருந்தது. அவருக்கு அடுத்ததாக ஜெனிற்றா. பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறாள். இதைத் தரகர் சவிரிமுத்தர் சொன்ன நாளில் இருந்து நான் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகுகிறேன். தீவுத் தண்ணீர் குடித்தவன் பல்லில் மண்ணிறம் ஏறியிருக்கும். இங்கே இருக்கும் வரைக்கும் அது தெரியாது, எல்லோர் பல்லும் அப்படித்தான், படகேறி அங்காலே போய் இறங்கினால்தான் என் பல் மண்ணிறமாகிறது. அவள் இதுவரைக்கும் என் வாயைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டாள், காட்டிக்கொள்ளவில்லை.

சவிரிமுத்தர் படித்துப் படித்துச் சொன்னார். "சீலன், முதல் தரம் வாற ஆக்கள் கை நனைக்க மாட்டினம். சம்பந்தம் சரியெண்டு மனசில பட்டால்தான் சோத்தில கை வைப்பினம். ஆனா தேத்தண்ணி குடிப்பினம். அந்தத் தேத்தண்ணியைக் கவனி." கவனிக்காமல் இருப்பேனா, போன முறை பட்டது போதாதா. போன முறை வந்தவர்களில் பெண்ணின் தாய் ஒரு வாய் குடித்துவிட்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்தா, பிறகு முற்றத்தில் பூவரசைப் பார்க்கிற மாதிரி எழும்பிப் போனா, வேலியோரம் துப்பினது யன்னலால் எனக்குத் தெரிந்தது. பிறகு தொலைபேசியில் சொன்னார்கள், பொடியன் நல்ல பொடியன், ஒரு குறையும் இல்லை, ஆனா எங்கட பிள்ளை அங்கே என்னத்தைக் குடிச்சுச் சீவிக்கிறது. நாங்கள் குடித்துச் சீவிக்கிறோம் என்று சொல்லலாம், ஆனால் அது அவர்களுக்குப் பதில் இல்லை. அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது, அந்த மனுசியில் கோபம் வரவில்லை, கிணற்றில்தான் கோபம் வந்தது, போய் அதற்குள் எட்டிப் பார்த்தேன், என் தலைதான் தெரிந்தது. இந்தத் தரம் அப்படி நடக்க விடக்கூடாது என்றுதான் கான். என் வயதுக்கு இனி எத்தனை பேர் படகேறி வரப்போகிறார்கள். வந்தவர்கள் ஒரு வாய்த் தண்ணீரோடு திரும்பிப் போகக் கூடாது என்றுதான் தோள் தோல் உரியச் சுமந்தேன், இப்போதும் எரிகிறது, சேர்ட் உரசினால் எரிகிறது, அவ்வளவும் செய்து கடைசியில் கோப்பைக்குள் கிணற்றுத் தண்ணீர்.

அக்கா குசினி வாசலில் நிற்கிறாள், கோயில் பெருநாளுக்குக் கட்டுகிற சேலை, கையில் பயத்தம் பணியாரத் தட்டம். அவள் முகத்தைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, அவர்கள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் அப்படிப் பார்க்கிறாள். அம்மா செத்தபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான், கலியாணம் கட்டவில்லை, ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டால் பதில் நானாக இருந்துவிடும் என்ற பயம். அந்தோனிப்பிள்ளையின் நிபந்தனை அவளுக்கும் தெரியும். கலியாணம் முடிந்தால் நான் டவுனுக்குப் போய்விட வேண்டும், கடையில் வேலை, கடைக்கு மேலே இரண்டு அறை, தயாராக இருக்கிறது. அதைக் கேட்ட அன்றைக்கு, "அக்கா, நீயும் வா" என்றேன். நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "எனக்கு அந்தத் தண்ணி சரிவராது" என்றாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. சாட்டுச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். இப்போது ஒரு நினைப்பு வருகிறது, வரக்கூடாத நினைப்பு, நண்டு விரலைக் கவ்வினது மாதிரி, உதற உதற இறுக்குகிறது. நான் சொன்னது அவளுக்கு விளங்காமல் இல்லை. தலையாட்டினாள். கான் இரண்டும் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. போன முறை எதனால் போனது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், அந்த மனுசி துப்பின இடத்தில் மண் போட்டவளே அவள்தான். அப்படியென்றால் தெரிந்துதான் செய்தாளா. ஒரு கேத்தில் தண்ணீர் மாற்றிவிட்டால் போதும், தம்பி எங்கேயும் போக மாட்டான், ஒரு சொல் சொல்லத் தேவையில்லை, சண்டை தேவையில்லை. சீ, என்ன நினைக்கிறேன் நான். ஆனால் நினைத்துவிட்டேன்.

இவளைப் போய். சண்டைக் காலத்தில் தீவு முழுக்க வெளிக்கிட்டபோது எனக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது, யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் சீலையால் மறைத்து மறைத்து எல்லாக் குடும்பமும் கிடந்தோம். அங்கே குழாயில் நல்ல தண்ணீர், வாளிகளை அடுக்கி வைத்து வரிசையில் நின்று பிடிப்பார்கள், சனம் ஆவென்று குடிக்கும், எனக்கு மட்டும் இறங்காது. வாயில் வைத்தால் ஓங்காளம். குடிக்காமல் கிடந்து காய்ச்சல் வந்துவிட்டது. அக்கா யாரோ சமைக்கிற இடத்தில் போய் ஒரு கல்லு உப்பு வாங்கிக்கொண்டு வந்து கோப்பைத் தண்ணீரில் போட்டு விரலால் கலக்கி, "இந்தா, எங்கட கிணத்துத் தண்ணி, ஆரிட்டையும் சொல்லாதை" என்றாள். குடித்தேன். மடமடவென்று குடித்தது இப்போதும் ஞாபகம், பல்லில் கோப்பை இடித்தது ஞாபகம். பிறகு அது வழக்கமாகிவிட்டது, சேலைத் தலைப்பில் உப்பை முடிந்து வைத்திருப்பாள், ஒருவரும் பார்க்காத நேரம் போடுவாள், நான் உண்மையாகவே அது ஊர்த் தண்ணீர் என்று நம்பிக் கொஞ்சக் காலம் இருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குள் பனை ஒன்று விழுந்து கிடந்தது. அதை இழுத்து, இறைத்து, ஊறவிட்டு, முதல் வாளி அவள்தான் குடித்தாள். குடித்துவிட்டு எனக்கு நீட்டினாள். அப்படிப்பட்டவளுக்கு இப்படிச் செய்ய வருமா. வராது. ஆனால் அப்படிப்பட்டவளுக்குத்தானே என்னை விடவும் வராது. இரண்டும் சரியாக இருக்கிறது, அதுதான் கரைச்சல்.

அந்தோனிப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டார். நான் அவர் தொண்டையைப் பார்த்தேன். விழுங்கினார். விழுங்கினபிறகு கோப்பைக்குள் ஒருதரம் பார்த்தார், பிறகு அதை மெதுவாகச் சின்ன மேசையில் வைத்துக் கையால் கொஞ்சம் தள்ளி வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை, வியாபாரி, முகத்தைக் கடையிலேயே பழக்கியவர். "தம்பி, இஞ்ச இப்ப எவ்வளவு சனம் இருக்கும்?" என்றார். இருக்குது ஐயா, கொஞ்சம் இருக்குது என்றேன், சரியான கணக்குச் சொன்னால் வெட்கமாக இருக்கும். பள்ளிக்கூடம் இருக்கோ. இருக்கு. டொக்டர். கிழமைக்கு ஒருக்கா வருவார், காற்று இல்லையென்றால். குழாய் ஒண்டு கண்டனான் கோயிலடியில, அது வேலை செய்யுதோ. அது உப்பை எடுத்து நல்ல தண்ணீராக்குகிற இயந்திரத்துக்குப் போட்ட குழாய், நாடா வெட்டித் திறந்தார்கள், கொஞ்ச நாள் தண்ணீர் வந்தது, பிறகு ஏதோ ஒரு சாமான் பழுதாகி, அந்தச் சாமான் வருமட்டும் குழாயில் காகம் இருக்கிறது. வரும் ஐயா, சாமான் வருமாம் என்றேன். இப்படி ஒவ்வொன்றாக அவர் கேட்கக் கேட்க எனக்கே என் ஊர் புதிதாகத் தெரிகிறது, இருக்கு இருக்கு என்று நான் சொல்கிறது எல்லாம் இல்லை இல்லை என்று அவர் காதில் விழுகிறது. பெண்பிள்ளைகள் உயர்தரம் படிக்கப் படகேறுவார்கள், விடுதியில் நிற்பார்கள், பிறகு அங்கேயே வேலை, அங்கேயே கலியாணம், நத்தார்ப் பெருநாளுக்கு வருவார்கள், கையில் தண்ணீர்ப் போத்தலோடு வருவார்கள். ஆண்களுக்குக் கடல் இருக்கிறது, அதனால் நிற்கிறோம். என்னோடு படித்தவர்களில் ஐந்தாறு பேர் இப்படிக் கட்டாமல் நிற்கிறார்கள், பின்னேரம் துறையில் கூடினால் வயதான பொடியன்கள், நண்டு விலையைப் பற்றிப் பேசுவோம், வேறு ஒன்றும் பேச மாட்டோம். கடை என்றால் என்ன, நல்ல வேலைதான், வெயில் இல்லை, அலை இல்லை. குழாய் விற்பேன், தண்ணீர்த் தாங்கி விற்பேன், பைப் மூடி விற்பேன். விடிய எழும்பி வலையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடத் தேவையில்லை. விடிய வெளிக்கிடும்போது நான் வாசலில் நின்று "வாறன்" என்பேன், அக்கா அடுப்படியில் இருந்து திரும்பிப் பாராமலே "கவனமாப் போட்டு வா" என்பாள், ஒவ்வொரு நாளும் அதே சொல், அதே இழுவை. ஒருநாள் காய்ச்சலில் நித்திரையாகிவிட்டாள், பதில் வரவில்லை, நான் துறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து அவளைத் தட்டி எழுப்பி, "வாறன்" என்று திரும்பச் சொன்னேன், ஏசினாள், ஏசிவிட்டுச் சொன்னாள். கடைக்கு மேலே இருக்கிற அறையில் இருந்து படியால் இறங்கும்போது ஆர் சொல்வது. இறங்குவதற்குச் சொல்லத்தான் வேணுமோ.

"அக்கா, குறை நினையாதேங்கோ." ஜெனிற்றாவின் குரல். துறையில் "வணக்கம்" என்றதற்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறாள். கோப்பையில் முக்கால்வாசி இருக்கிறது. "தேத்தண்ணி சவர்." தகப்பன்காரர், "பிள்ளை!" என்று அதட்டினார், அவர் இவ்வளவு நேரமும் ஒவ்வொரு சொட்டாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பாவம், ஏற்கனவே கடல் குடித்து வந்தவர். "இல்லை அப்பா, சொன்னாத்தானே அவைக்குத் தெரியும்" என்றாள், கோபமும் இல்லை, நக்கலும் இல்லை, பல்லில் ஓட்டை இருக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அக்கா தட்டத்தைக் கீழே வைத்தாள். "சவரோ? இல்லையே பிள்ளை" என்று என் கோப்பையை எடுத்து, நான் வாய் வைத்ததையே ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு." அந்தக் குரலில் ஒரு களவும் இல்லை. அப்போதுதான் எனக்கு நுரை ஞாபகம் வந்தது. வாசலில் அந்தோனிப்பிள்ளையின் கையில் முழங்கை வரை வெள்ளையாக நுரை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. எந்தச் சவுக்காரமும் நுரைக்காது, தேய்த்தால் தயிர் மாதிரித் திரைந்து கையில் ஒட்டும், என் வாழ்க்கையில் இந்த வீட்டில் நான் நுரை கண்டதில்லை, பிறகு எப்படிக் காலையில் கண்டும் காணாமல் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றேன். நான் தோள் உரியச் சுமந்த தண்ணீர் அந்த வாளியில் இருந்திருக்கிறது. அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள், "தம்பி வாங்கிக்கொண்டு வந்த தண்ணியில விடிய ஒருக்காப் போட்டுப் பாத்தனான் பிள்ளை. ஒரு ருசியும் இல்லை, நோய்க்காரருக்குக் குடுக்கிற மாதிரிக் கிடந்தது. இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த ஆக்களுக்கு அதையே குடுக்கிறது? எங்கட தண்ணியில போட்டாத்தானே தேத்தண்ணி தேத்தண்ணியா இருக்கும். அந்தத் தண்ணி சவுக்காரத்துக்கு நல்லம், அதுதான் கைகால் கழுவ வைச்சனான்." அவள் இருந்ததில் நல்லதைக் கொடுத்திருக்கிறாள். நான் அவளைப் பற்றி என்ன நினைத்தேன். முகத்தைக் கழுவ வேண்டும் போல் இருந்தது.

அந்தோனிப்பிள்ளைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நாங்கள் கழுவி ஊத்தினதுதான் நல்ல தண்ணியோ!" தகப்பன்காரர் கோப்பையை நிம்மதியாகக் கீழே வைத்துவிட்டு, காலையில் இருந்து அந்த ஒரு அதட்டலைத் தவிர வாயைத் திறக்காத மனுசன், "அப்ப கை நனைச்சாச்சு எண்டு சொல்லு மச்சான்" என்றார். அதற்குப் பிறகு ஒருவராலும் அடக்க முடியவில்லை. அக்காவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன், வாயை மூடிச் சிரிக்க வேண்டும் என்பதே மறந்துபோய்ச் சிரித்தேன், அது ஞாபகம் வந்தபோது ஜெனிற்றா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத்தான் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று மற்றதற்கு மேலே ஏறியிருக்கிறது. பல் வைத்தியரிடமே வேலை செய்கிறவள் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறாள். அது எனக்குப் பிடித்தது. சிரிப்பு அடங்கியது. அந்தோனிப்பிள்ளை லேஞ்சியால் கண்ணைத் துடைத்து மடித்துப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு, "சரி தம்பி, பகிடி ஒரு பக்கம் கிடக்கட்டும். பிள்ளையை நாங்கள் இஞ்ச விடேலாது. நீர் அங்கால வாறீரோ? அதைச் சொல்லும். படகுக்கு நேரமாகுது" என்றார். அக்கா கோப்பைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். ஜெனிற்றா, "மாமா, அதை நான்தான் சொல்ல வேணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு வேலையை விட விருப்பமில்லை. மற்ற ஆக்கள் சொல்லி நீங்கள் கேக்கக் கூடாது எண்டுதான் நானும் வந்தனான். ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்கோ, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்" என்றாள். இப்படி நேராகப் பேசுகிற ஒருத்தியோடு இருக்கலாம் என்று பட்டது. இருக்க வேண்டும் என்று பட்டது. அதுவும் உண்மை, குசினிக்குள் கோப்பை ஒன்றோடு ஒன்று முட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் உண்மை. படகை ஆருக்காவது குத்தகைக்குக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் வரலாம், காற்று இல்லாத ஞாயிறுகளில். இங்கே நின்றால் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும், துறையில் பின்னேரம் நண்டு விலை பேசிக்கொண்டு, அக்காவும் நானும் இரண்டு கிழடுகளாக ஆளையாள் பார்த்துக்கொண்டு இருப்போம், அவள் எனக்காக இருந்தாள், நான் அவளுக்காக இருந்தேன் என்று, கடைசியில் ஒருவருக்கும் ஒருவர் ஒன்றும் செய்யாமல். யோசித்து முடியவில்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது.

"வாறன்" என்றேன்.

"கவனமாப் போட்டு வா" என்றாள் அக்கா, உள்ளே இருந்து. அதே சொல், அதே இழுவை, திரும்பிப் பாராமல் சொன்ன குரல். கோப்பைச் சத்தம் நின்றது. அந்தோனிப்பிள்ளை மறுபடியும் சிரித்தார், "பாரும், அக்கா இப்பவே அனுப்பிப்போட்டா." நான் சிரிக்கவில்லை. அவள் நாங்கள் பேசினது கேட்டுத்தான் சொன்னாளா, இல்லை ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி நாக்குத் தானாகச் சொல்லிவிட்டதா. போய்க் கேட்க வேண்டும் என்று கால் எழும்பப் பார்த்தது, கேட்டால் என்ன சொல்வாள். வலை எப்படி, சிக்கு எப்படி என்று தொடங்கிவிடுவாள். இந்தச் சொல்லை நான் இல்லாத விடியலில் ஆருக்குச் சொல்வாள். ஆட்கள் முன்னால் அழக் கூடாது என்று பணியாரம் ஒன்றை எடுத்து வாய்க்குள் போட்டேன். அப்போது அக்கா வாசலுக்கு வந்தாள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. "பிள்ளை, ஒருக்கா இஞ்ச வாறீரோ? கானில இன்னும் தண்ணி கிடக்கு. திரும்பத் தேத்தண்ணி போடுவம். அந்தத் தண்ணியின்ர பக்குவம் உமக்குத்தான் தெரியும்" என்றாள். ஜெனிற்றா எழும்பிப் போனாள். உள்ளே கேத்தில் வைக்கிற சத்தம், பிறகு பேச்சுச் சத்தம், என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை, அக்காவின் குரல்தான் கூட, அவள் இவ்வளவு நேரம் ஒருவரோடு பேசி நான் கேட்டதில்லை. இங்கே அந்தோனிப்பிள்ளை பைப் வகைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், எது தண்ணீருக்கு, எது வயருக்கு, சாம்பல் நிறம் எது, வெள்ளை எது. நான் ஓம் ஓம் என்றேன். ஒரு காதும் இங்கே இல்லை.

ஜெனிற்றா தட்டத்தோடு வந்தாள். தகப்பனுக்குக் கொடுத்தாள், மாமனுக்குக் கொடுத்தாள், அவர்கள் வாயில் வைத்ததும், "ஆ, இது தேத்தண்ணி" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சில். தட்டத்தின் ஓரத்தில் ஒரு கோப்பை தனியே இருந்தது. "இது உங்கட" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "ஒரு கல்லு உப்புப் போட்டிருக்கு. அக்கா சொல்லித் தந்தவ" என்றாள். நான் குசினிப் பக்கம் பார்த்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மண்டபத்தில் ஆரிட்டையும் சொல்லாதை என்று சொன்னவள், இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லாதவள். கோப்பையை வாங்கினேன். ஜெனிற்றா போகவில்லை, நான் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மிடறு குடித்தேன். ஒரு கல் என்றால் எவ்வளவு பெரிய கல் என்று அக்கா காட்டிக் கொடுக்கவில்லைப் போல இருக்கிறது. கரித்தது, தொண்டை வரைக்கும் கரித்தது.

"எப்பிடி?" என்றாள்.

"நல்லாயிருக்கு" என்று சொல்லி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.